விருந்தாளிகளுக்கான மொழி

குரோருட், ஒஸ்லோ
14 ஜனவரி 2024

ராஜ் அண்ணாவுக்கு,

வணக்கம். போனை எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். மின்னஞ்சல் போட்டால் உங்கள் கம்பெனியின் கண்ணில் படும். அதனால்தான் இந்தக் காலத்தில் தபால்தலை வாங்கி ஒட்டி எழுதுகிறேன். அகதிகளின் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று எழுதிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் நீங்கள் சேர்ந்தபோது நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். அதற்காக ஒரு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதும் அதிகம்தான். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உகாண்டாவிலிருந்து வந்து அடைக்கலம் கேட்ட ஒரு பெண்ணின் ஒலிப்பதிவைக் கேட்டு, "பேசுபவர் புசோகா ஏரிக்கரையைச் சேர்ந்தவர் அல்லர், கம்பாலாவில் வளர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று அறிக்கை எழுதியது நீங்களா? அதில் எழுதியவர் பெயர் இல்லை, ஒரு எண் மட்டும் இருக்கிறது. ஆனால் நார்வேயில் புசோகாவின் லுசோகாவும் கம்பாலாவின் லுகண்டாவும் படித்த மொழியியல்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். நான் எழுதவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் நங்கோபி. போன கோடையில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், நகரும் படிக்கட்டில் எனக்கு முன்னால் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு லுசோகாவில் இருந்தது. நாம் இரண்டு பேரும் ஆய்வுக்காகப் புசோகாவுக்குப் போய் வெயிலில் காய்ந்து பதிவு செய்தோமே, அதே ஏரிக்கரைப் பேச்சு. பின்னாலேயே ஓடிப்போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன். பக்கத்தில் அகதிகள் முகாமில் இருக்கிறார். ஊரில் மீன்பிடித் துறையில் வைத்து இவருடைய கணவரை அடித்துக் கொன்றிருக்கிறார்கள். கொன்றவர்களை இவர் பார்த்துவிட்டார். உங்கள் அறிக்கையைக் காட்டி இவருக்கு அடைக்கலம் மறுத்துவிட்டார்கள். அந்த ஊரே இவருடையது இல்லை என்றால் கொலையும் பொய், பயமும் பொய் என்று ஆகிவிடுகிறதே.

வக்கீல் இமெல்டா என்னோடு படித்தவள், மன்னார்க் குடும்பம். மேல்முறையீடு போட்டிருக்கிறாள். நங்கோபியின் சம்மதத்தோடு அறிக்கையை என்னிடம் காட்டியதும் அவள்தான். அது தவறு, அண்ணா. பதிவைத் திரும்பக் கேளுங்கள். கேட்டுவிட்டு உண்மையை எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் இவரை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

அம்மா உங்களை ரொம்ப விசாரித்தாங்க.

துஷ்யா


துரொண்ட்ஹெய்ம்
22 ஜனவரி 2024

துஷ்யாவுக்கு,

ஆமாம், நான்தான் எழுதினேன். இதை ஒத்துக்கொள்வதே நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு விரோதம். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உனக்குத் தெரியாததா? நைலுக்கு மேற்கே லுகண்டா, கிழக்கே லுசோகா. அக்கா தங்கை மாதிரி இரண்டு மொழிகள். ஆனால் எந்த வீட்டில் வளர்ந்தவள் என்று வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். பதிவில் இருப்பது லுகண்டா. மொழிபெயர்ப்பாளர் லுகண்டாவில் கேட்கிறார், இவள் லுகண்டாவில் பதில் சொல்கிறாள், தங்குதடையில்லாமல். இடையிடையே லுசோகா தலைகாட்டுகிறது. கம்பாலாவில் சோகாக்காரர்கள் பக்கத்து வீட்டில் இருந்தாலே அவ்வளவு வந்துவிடும். நான் கேட்டதைத்தான் எழுதினேன். கேட்காததை எழுதச் சொல்கிறாய்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உயிர் போகிற விஷயத்தைச் சொல்லும்போது எவளாவது தன் மொழியை விட்டுவிட்டு அடுத்த வீட்டு மொழியில் சொல்வாளா? அவள் ஏன் லுசோகாவில் பேசவில்லை? இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது. "நல்ல பெண், பாவம்" என்பது பதில் இல்லை. நீ அவளோடு பழகிவிட்டாய், உன் காது இனி சாட்சிக்கு உதவாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் விசா இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீ இங்கே பிறந்தவள், உனக்கு அந்தத் தலைவலி கிடையாது. நமக்குள் கடிதம் போகிறது என்று தெரிந்தால் என்னையும் விமானத்தில் ஏற்றுவார்கள், திருநெல்வேலிக்கு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இசக்கிராஜ்


குரோருட்
29 ஜனவரி 2024

ராஜ் அண்ணா,

இந்தக் கடிதத்தை நான் வீட்டிலை கதைக்கிற மாதிரியே எழுதிறன். வாசிக்கக் கஷ்டமெண்டால் சத்தம் போட்டு வாசியுங்கோ, விளங்கும்.

ஏன் லுசோகாவிலை கதைக்கேல்லை எண்டு கேட்டியள். பதில் என்னட்டை இருக்கு. நீங்கள் முதல்முறை எங்கடை வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளை யோசியுங்கோ. அம்மா கதவைத் திறந்து "வாங்க தம்பி, உட்காருங்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா" எண்டு கேட்டவ. தம்பி அனுஷனும் தனக்குத் தெரிஞ்ச சினிமாத் தமிழிலை உங்களோடை நல்லாக் கதைச்சவன். போகேக்கை நீங்கள் சொன்னியள், யாழ்ப்பாணத் தமிழ் விளங்காதெண்டு சனம் சும்மா சொல்லுது, எனக்கு ஒரு சொல்லும் தப்பேல்லை எண்டு. நீங்கள் படி இறங்கினாப் பிறகு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. அண்டைக்கு எங்கடை வீட்டிலை ஒருத்தரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கேல்லை, அண்ணா.

நானும் அப்பிடித்தான். உங்களோடை பழகின இவ்வளவு காலத்திலை ஒருநாளும் நான் கதைக்கிற மாதிரி கதைச்சதில்லை. உங்களைக் கண்ட உடனை வாய் தானாக மாறிவிடும். அது பொய்யில்லை, நடிப்புமில்லை. வந்த ஆள் கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான். என்ரை குரலைப் பதிஞ்சு உங்களிட்டைத் தந்திருந்தால் "சென்னையில் வளர்ந்தவள்" எண்டு எழுதியிருப்பியள். என்னை எங்கை அனுப்பியிருப்பினம்?

நங்கோபி செய்ததும் இதுதான். கேள்வி கேட்டவர் வயசாளி, லுகண்டாக்காரர். அங்கை கோயிலிலை லுகண்டா, சந்தையிலை லுகண்டா, மரியாதையான ஆக்களோடை லுகண்டா. நீங்கள் கம்பாலாவிலை லுகண்டா படிச்சுப்போட்டுப் புசோகாவுக்கு வந்து, "இந்த ஊரில் யாருமே லுசோகா பேச மாட்டேங்கிறாங்களே" எண்டு எத்தினை நாள் புறுபுறுத்தனியள். அவையள் உங்களுக்காக லுகண்டா கதைச்சவை.

அவ செய்த குற்றம் மரியாதை. அதுக்காக அவவைச் சாக அனுப்பப் போறியளோ?

துஷ்யா


துரொண்ட்ஹெய்ம்
9 பிப்ரவரி 2024

துஷ்யா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று சத்தம் போட்டுத்தான் படித்தேன். சில இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. மனது ரொம்பக் கஷ்டப்பட்டது. அவளை நினைத்து இல்லை, என்னை நினைத்து. ஒரே குடிசையில் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறோம். காய்ச்சலில் நீ பிதற்றியபோதுகூட என்னிடம் என் தமிழில்தான் பிதற்றினாயா? நான் காதை விற்றுப் பிழைக்கிறவன். ஒருநாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகச் சிரிக்கட்டும்.

கோபத்தோடுதான் பதிவைத் திறந்தேன், உன் வாயை அடைக்கலாம் என்று. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பத்தில் வரும் நலம் விசாரிப்பை யாரும் ஆய்வில் சேர்ப்பதில்லை. எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தள்ளிவிட்டுத்தான் கேட்க ஆரம்பிப்போம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். இந்த முறை முதலிலிருந்து கேட்டேன்.

அவள் லுசோகாவில்தான் தொடங்குகிறாள். வணக்கம் சொல்லி, பயணத்தைப் பற்றி ஏதோ சொல்கிறாள், சுத்தமான ஏரிக்கரைப் பேச்சு. அந்தப் பெரியவர், "எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை அம்மணி" என்கிறார். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு லுகண்டாவுக்கு மாறுகிறாள். அதற்குப் பிறகுதான் நான் கேட்கவே ஆரம்பித்திருக்கிறேன்.

இந்தப் பதிவை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி நார்வேக்காரர்களின் பாணியில் குரலை உயர்த்தாமல் கோபப்பட்டார். உன் இமெல்டாவின் மேல்முறையீட்டுக்கு அது போய்ச் சேரும்.

ஆனால் சந்தோஷப்படாதே. புதிய பதிவு ஒன்று எடுப்பார்கள். கேட்டு முடிவெழுதப் போவது வேறு நாட்டில் இருக்கும் ஒருவர், எனக்கு அவரைத் தெரியாது. கேள்விகளுக்கான தலைப்புகளை மட்டும் நான் கொடுக்க வேண்டும். போனில் பேசப்போகிறவர் கம்பாலாக்காரர். லுசோகா அவருக்குப் புரியும், பேசுவது லுகண்டா. இந்த முறையும் அவள் மாறினாள் என்றால் கதவு மூடிவிடும், பிறகு யாராலும் திறக்க முடியாது. அவளைத் தயார்ப்படுத்து.

ராஜ்


குரோருட்
3 மார்ச் 2024

ராஜ் அண்ணா,

முதல்லை நன்றி. உங்களுக்கு என்ன நட்டம் வருமெண்டு தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தனியள். அம்மாவுக்கும் சொன்னனான். தான் சிரிச்சதுக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேட்கச் சொன்னவ.

நங்கோபியோடை நான் படுகிற பாடு பெரும்பாடு. ஒவ்வொரு சனியும் ஸ்ட்ரோம்மனிலை ஒரு கபேயிலை இருந்து பழக்கிறன். நான் லுகண்டாவிலை கேட்கிறது, அவ லுசோகாவிலை பதில் சொல்ல வேணும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சரியாப் போகும். பிறகு நான் தேத்தண்ணி எடுத்துக் குடுத்தாலோ, சிரிச்சாலோ, உடனை லுகண்டாவுக்குப் போயிடுவா. பிடிச்சு நிப்பாட்டினால் கையாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரேல்லை. "அவையள் உங்களை நம்ப வேணுமெண்டால் நீங்கள் கொஞ்சம் மரியாதை கெட்டு நடக்க வேணும்" எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தினன். அதுக்கு அவ சொன்ன பதில்: "வந்தவன்ரை முகத்திலை கதவைச் சாத்தச் சொல்லுறாய், தங்கச்சி. எனக்கு அது வராது."

லுசோகாவிலை என்னைத் தங்கச்சி எண்டுதான் கூப்பிடுவா. எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தால் இப்பிடித்தான் இருந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

அவ மாறாமல் கதைச்சதை நான் ஒரேயொரு முறைதான் கண்டனான். மனுசனைச் சாகடிச்சவங்கள் ஊரிலை ஒரு கதையைப் பரப்பி வைச்சிருக்கிறாங்கள், அவன் மற்றவன்ரை வலையை வெட்டி மீன் களவெடுத்தவன், அதாலைதான் அடி விழுந்தது எண்டு. அதைச் சொல்லேக்கை அவவின்ரை முகம் வேறை முகம். பக்கத்து மேசையிலை இருந்த ஆபிரிக்கக்காரர் லுகண்டாவிலை ஏதோ ஆறுதல் சொன்னவர். அவ அவருக்கும் லுசோகாவிலையே வெடுக்கெண்டு பதில் சொன்னா. அழுது முடிச்சாப் பிறகு என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னா, இதை இமெல்டாவுக்கும் சொல்லேல்லை, எழுத்திலை போட்டால் உண்மை மாதிரி ஆயிடும், உன்னோடை இருக்கட்டும் எண்டு. நீங்களும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ.

எனக்குப் பயமா இருக்கு, அண்ணா. அவ மாறிவிடுவா. எனக்கு நல்லாத் தெரியுது, மாறிவிடுவா.

துஷ்யா


துரொண்ட்ஹெய்ம்
20 மார்ச் 2024

துஷ்யா,

பயிற்சியை நிறுத்திவிடு. பழக்கிவிட்ட பேச்சு என்று அந்தப் புதிய ஆய்வாளருக்குச் சந்தேகம் வந்தால் அதுவே போதும், எல்லாம் போய்விடும். இனி அவளிடம் மொழியைப் பற்றி எதுவுமே பேசாதே.

தலைப்புகளை அனுப்பிவிட்டேன். ஊர், மீன், துறை, படகு. இன்னொன்றும் இருக்கிறது. என்ன என்று கேட்காதே. அவள் மாறமாட்டாள்.

ராஜ்


குரோருட்
19 ஏப்ரல் 2024

ராஜ்,

நேற்றுப் பதிவு முடிஞ்சுது. இமெல்டா உள்ளுக்கு இருந்தவள். நான் வெளியிலை கதவடியிலை கிடந்த மரவாங்கிலை குந்தியிருந்தனான்.

முதல்லை எல்லாம் நாங்கள் பயந்த மாதிரித்தான் போயிருக்கு. போனிலை அந்த மனுசன் மரியாதையாக் கதைக்க, இவ ரெண்டு வசனம் லுசோகா, பிறகு லுகண்டா. இமெல்டாவுக்கு ரெண்டும் தெரியாது, ஆனால் இவவின்ரை முகத்திலை வந்த அந்த விருந்தாளிச் சிரிப்பைக் கண்டு இவ மாறிப்போனா எண்டு கண்டுபிடிச்சிட்டாளாம். அப்பதான் அதிகாரி நோர்வே மொழியிலை வாசிச்ச கேள்வியை அந்த மனுசன் லுகண்டாவிலை கேட்டிருக்கிறான்: "உன் கணவன் அடுத்தவன் வலையை வெட்டியவன் என்று ஊரில் சொல்கிறார்களே, அது உண்மையா?"

அவ இருந்த கதிரை விழுந்த சத்தம் எனக்கு வெளியிலை கேட்டது. பிறகு அவவின்ரை குரல். கதவு சாத்தியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது, எல்லாம் லுசோகா. அதிகாரி கொஞ்சம் நிப்பாட்டுவம் எண்டு கேட்டவராம். அவ நிப்பாட்டேல்லை. செத்த மனுசன் எப்பிடி வலை பின்னினவன், எந்த விடியலிலை தண்ணிக்குப் போனவன், ஆருக்கெல்லாம் சும்மா மீன் குடுத்தவன் எண்டு அழுதழுது சொன்னா. நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது. பெட்டி நிறையக் கிடைச்சிட்டுது.

வெளியிலை வந்து என்னைக் கண்டா. நான் எழும்பிக் கையைப் பிடிக்கப் போனன். கையைத் தரேல்லை. "அதை உனக்கு மட்டும்தான் சொன்னனான்" எண்டா. பிறகு இமெல்டாவோடை காரிலை ஏறிப் போயிட்டா.

நீங்கள் மனுசனோ? செத்த ஆளைக் கள்ளனாக்கி, அதைக் கேட்டு அந்தப் பொம்பிளை துடிக்கிறதைப் பதிஞ்சு, அதுக்கு ஆய்வு எண்டு பேர் வைச்சிருக்கிறியள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு எழுதினனான். எனக்கு உங்களிலை வெறுப்பா இருக்கு.

துஷ்யா


துரொண்ட்ஹெய்ம்
28 ஏப்ரல் 2024

துஷ்யா,

திட்டு. நான் மறுக்கப் போவதில்லை.

வேறு வழி தெரியவில்லை எனக்கு. அவள் மாறிவிடுவாள், மாறிவிடுவாள் என்று நீயே எழுதினாய். மீன் எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டிருந்தால் அவள் அந்த ஆளை உட்காரவைத்துப் பரிமாறியிருப்பாள், லுகண்டாவில். அதைக் கேட்டு அந்தப் புதியவரும் கம்பாலாக்காரி என்று என்னைப் போலவே எழுதியிருப்பார். செத்தவனின் மானமா, இருக்கிறவளின் உயிரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தூக்கம் இல்லாமல்தான் தேர்ந்தெடுத்தேன்.

நீ ஒருத்தருக்கும் சொல்லாதே என்று எழுதியதை மறக்கவில்லை. ஆனால் எனக்கு ஏன் எழுதினாய்? அவள் எதற்கு மாறமாட்டாள் என்று, தலைப்புக் கொடுக்கப்போகிற ஆளிடம், ஏன் எழுதினாய்? உன் மனதின் ஒரு மூலையில் நான் இதைப் பயன்படுத்துவேன் என்று தெரிந்திருந்ததா? கோபப்படாமல் யோசித்துப் பார். இல்லை என்று நீ சொன்னால் நம்புகிறேன்.

கம்பெனி எனக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. உன்னைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

முடிவு வந்ததும் ஒரு வரி எழுது.

ராஜ்


குரோருட், ஒஸ்லோ
16 ஜூன் 2024

ராஜ் அண்ணாவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்.

முடிவு வந்துவிட்டது. பேசுபவர் புசோகா ஏரிக்கரையைச் சேர்ந்தவர் என்பதில் ஐயமே இல்லை என்று புதிய அறிக்கை சொல்கிறது. மேல்முறையீட்டுச் சபை அதை ஏற்றுக்கொண்டது. நங்கோபி நார்வேயில் தங்கலாம். லில்லெஸ்ட்ரோமில் ஒரு சின்ன வீடு கிடைத்திருக்கிறது.

போன வாரம் பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். நன்றாகவே வரவேற்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தேநீர் கொடுத்தார், பயணம் எப்படி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று எல்லாம் கேட்டார். நான் லுசோகாவில் கேட்டேன், அவர் லுகண்டாவில் பதில் சொன்னார். முதலில் ஏதோ மறதி என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப லுசோகாவில் பேசிப் பார்த்தேன். அவர் சிரித்த முகத்தோடு லுகண்டாவிலேயே பேசினார். தங்கச்சி என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. "ஞாபோ" என்றார், லுகண்டாவில் அம்மணி. வாசல்வரை வந்து, நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டேன், ஞாபோ என்று சொல்லி வழியனுப்பினார். கதவைச் சாத்தவே இல்லை. நான் தெரு முனை திரும்பும்வரை நின்று கையசைத்தார்.

நீங்கள் கேட்ட கேள்வியை யோசித்தேன். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் உதவிக்கு ரொம்ப நன்றி. வேலை விஷயம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஊருக்குப் போவதாக இருந்தால் பயணம் நல்லபடி அமையட்டும். அம்மாவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாங்க.

அன்புடன்,
துஷ்யா சிவானந்தன்


துரொண்ட்ஹெய்ம்
23 ஜூன் 2024

துஷ்யா,

கடிதம் கிடைத்தது. அவள் இருக்கிறாள், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகலில் கொஞ்சம் நம்பவும் முடிகிறது.

உன் வீட்டுத் தமிழில் நீ எழுதிய கடிதங்களைச் சமையலறையில் நின்று சத்தம் போட்டு, சில சொற்களை வாய்க்குள் உருட்டிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கடைசியில் என்மேல் வெறுப்பாக இருக்கிறது என்று எழுதியதைக்கூட அப்படித்தான் படித்தேன். இந்தக் கடிதத்துக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒருமுறை மனதுக்குள் படித்தேன். எல்லாம் புரிந்துவிட்டது.

ராஜ்